கையில் பிடித்து வீடியோ எடுத்தால் படம் ஏன் ஆடுகிறது, ஃபோகஸ் ஏன் தாவுகிறது?

இரண்டும் வேறு வேறு சிக்கல். ஆட்டம் கேமரா அசைவதால் வருவது. ஃபோகஸ் என்பது எந்தத் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று லென்ஸை நிறுத்துவது.

மூச்சு, நடை, கை நடுக்கம் எல்லாம் கேமராவைத் துளி திருப்பிவிடும், ஜூம் அந்தத் துளியைப் பெரிதாக்கும், 2 மடங்கு ஜூம் வைத்தால் ஆட்டமும் 2 மடங்காகத் தெரியும். அதனால் ஜூமை விட்டுக் கிட்டப் போங்கள் (காளை என்றால் அளவோடு). முழங்கையை விலாவோடு ஒட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நிறைகுடத்தைத் தளும்பாமல் கொண்டு வருகிற மாதிரி நடந்தால் பெரும்பாலான குலுக்கல் அடங்கிவிடும்.

சரி, ஃபோகஸ். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளையை எடுக்கிறீர்கள், குறுக்கே ஒருத்தர் போகிறார், ஆட்டோஃபோகஸ் (கேமரா தானாக ஃபோகஸ் வைப்பது) அவர் மேல் தாவி, திரும்பி வருவதற்குள் காளை மங்கித் தெளியும். பல போன்களில் திரையில் காளை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். காளையோ நீங்களோ நகர்ந்து தூரம் மாறினால் மறுபடி பூட்ட வேண்டும்.

ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைக்கும் கேமரா வசதி) இருந்தால் எந்த மங்கலும் வராது என்று பலர் நினைக்கிறார்கள்; அது உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் ஈடுகட்டும், காளை தலையை உதறுவதால் வரும் மங்கலுக்கு ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.