எரித்ததையெல்லாம் ரைடிலேயே ஈடுகட்ட வேண்டுமா?

கேள்வி: என் எடை 70 கிலோ. 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ரைடுகளைச் சுமார் 9 மணி நேரத்தில் முடிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் 140 கிலோமீட்டரைத் தாண்டியதும் காலில் ஜீவனே இருப்பதில்லை. கைக்கடிகாரம் 4,800 கலோரி எரிந்ததாகக் காட்டுகிறது. நான் எடுத்துக்கொள்வது மணிக்கு ஒரு எனர்ஜி ஜெல் (பாக்கெட்டில் வரும் கெட்டியான சர்க்கரைக் கூழ்), பாட்டிலில் எலக்ட்ரோலைட் மாத்திரை, அவ்வளவுதான். போன முறை சோர்வு வந்ததும் மூன்று ஜெல்லைச் சேர்த்து விழுங்கினேன். குமட்டல் எடுத்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். மீதி 4,000 கலோரியை இந்த பாக்கெட்டுகளால் எப்படி உள்ளே தள்ளுவது?

பதில்: தள்ள முடியாது, தள்ளவும் வேண்டாம். அந்த 4,000-ஐ முதலில் மறந்துவிடுங்கள். நீண்ட ரைடுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள்.

இதயத் துடிப்பை வைத்துக் கடிகாரம் சொல்லும் கலோரி ஒரு ஊகம்தான். மிதிக்கும் விசையை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் சைக்கிளில் இருந்தால் கணக்கு எளிது. அது காட்டும் கிலோஜூலும் உடல் செலவழித்த கலோரியும் ஏறத்தாழ ஒரே எண்ணாக வரும். எரிந்த சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிவிடுகிறது. ஒரு உணவுக் கலோரி (கிலோகலோரி) என்பது 4.18 கிலோஜூல் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. நீங்கள் சராசரியாக 140 வாட் மிதிப்பதாக வைத்துக்கொண்டால் மணிக்கு 500 கலோரி. 9 மணி நேரத்துக்கு 4,500.

இதில் எல்லாம் சர்க்கரையிலிருந்து வருவதில்லை. நிதானமான வேகத்தில் ஏறத்தாழ பாதி கொழுப்பிலிருந்து வரும். அந்தக் கையிருப்பு தீரவே தீராது. 70 கிலோ உடலில் 10 கிலோ கொழுப்பு இருந்தாலே எண்பதாயிரம் கலோரிக்கு மேல். தட்டுப்பாடு வருவது கிளைகோஜனில்தான், அதாவது உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையில். தசைகளில் சுமார் 400 கிராம், ஈரலில் 100 கிராம், ஆக மொத்தம் 2,000 கலோரிக்குள் அடங்கிவிடும். அதிலும் ஈரலில் இருப்பது இரவு தூக்கத்திலேயே கணிசமாகக் குறைந்திருக்கும்.

இப்போது உங்கள் 140 கிலோமீட்டர் புதிரைப் பார்ப்போம். ரைடு தொடங்கும்போது எல்லோருக்கும் காலில் வேகம் இருக்கும், குழுவோடு ஒட்டிக்கொண்டு போவோம். அப்போது மணிக்கு 300 கலோரி சர்க்கரையிலிருந்து போகும். நீங்கள் போட்டது ஒரு ஜெல். பெரும்பாலான ஜெல்லில் 20 முதல் 25 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும், அதாவது 80 முதல் 100 கலோரி. மணிக்கு 200 கலோரிக்கு மேல் பற்று. 1,500 கலோரி இருப்போடு கிளம்பியிருந்தால் ஆறேழு மணி நேரத்தில் கஜானா காலி. உங்கள் வேகத்தில் அது சரியாக 140-150 கிலோமீட்டர்! காலில் குறை ஒன்றும் இல்லை. சைக்கிள்காரர்கள் இப்படிக் கையிருப்பு தீர்ந்துபோவதை ‘பாங்க்’ (bonk) என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் வங்கிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நம் காதில் விழும் அர்த்தமே பொருத்தமாக இருக்கிறது.

அந்த எலக்ட்ரோலைட் மாத்திரை இருக்கிறதே, அதில் உப்புகள் உண்டு, கலோரி கிட்டத்தட்ட பூஜ்யம். சுவையான தண்ணீரைக் குடித்துக்கொண்டு சக்தி ஏறுவதாக நினைப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. நானும் ஒரு வருடம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

சரி, மணிக்கு எவ்வளவு? கலோரியை விட்டுவிட்டு கார்போஹைட்ரேட்டை கிராமில் எண்ணுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ரைடுகளுக்கு மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை என்பது பொதுவான வழிகாட்டுதல். தொழில்முறை வீரர்கள் சிலர் 120 வரை போகிறார்கள். அவர்கள் மிதிக்கும் வாட்டும் வேறு, வயிற்றைப் பழக்கியிருக்கும் விதமும் வேறு. உங்களுக்கு 60 போதும். 9 மணி நேரத்தில் 540 கிராம், 2,160 கலோரி. கொழுப்பு தன் பங்கைத் தர, இது கையிருப்பைக் கடைசிவரை காப்பாற்றும். இந்த அளவு உடல் எடையைப் பெரிதாகச் சார்ந்ததும் இல்லை. 55 கிலோ ஆளுக்கும் 80 கிலோ ஆளுக்கும் குடல் உறிஞ்சும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

குடல் என்ற அந்த இடத்தில்தான் உங்கள் குமட்டலுக்கும் விடை இருக்கிறது. குளுக்கோஸைக் குடல் சுவரைத் தாண்டிக் கொண்டுபோக ஒரு வகைப் புரதம் இருக்கிறது. அதன் கொள்ளளவு மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடும். ஜெல்லிலும் பவுடரிலும் சேர்க்கும் மாவுச்சத்துப் பொடியான மால்டோடெக்ஸ்ட்ரினும் உடைந்து குளுக்கோஸாகத்தான் மாறுகிறது, அதே வாசலில்தான் நிற்க வேண்டும். ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்தால்தான் 60-ஐத் தாண்டி 90 கிராம் வரை போக முடியும். அதனால்தான் லேபிளில் 2:1 என்றோ 1:0.8 என்றோ போடுகிறார்கள். அது குளுக்கோஸுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் உள்ள விகிதம்.

நீங்கள் மூன்று ஜெல்லை ஒரே மூச்சில் போட்டபோது அறுபது கிராமுக்கு மேல் கெட்டியான சர்க்கரை ஒரே நேரத்தில் குடலுக்குப் போனது. அதை நீர்க்கச் செய்ய உடலே குடலுக்குள் தண்ணீரை இழுத்துவிடும். ஏற்கெனவே ரத்தம் கால்களுக்கும் தோலுக்கும் போய்க்கொண்டிருக்கிறது, வயிற்றுக்குக் கிடைப்பது கொஞ்சம். வியர்த்து நீர் வற்றியிருந்தால் இன்னும் மோசம். குமட்டாமல் என்ன செய்யும்? அதே மூன்று ஜெல்லை 20 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மடக்குத் தண்ணீரோடு எடுத்திருந்தால் வயிறு ஏற்றுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

நான் சொல்லும் மாற்றம், பாட்டிலை வேலை செய்ய வையுங்கள். மணிக்கு 500 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் கார்போஹைட்ரேட் பவுடர் கரைத்தால் அது 8 சதவீதக் கரைசல், வயிற்றுக்கு ஒத்துப்போகும் அளவின் மேல்விளிம்பு. அதோடு ஒரு ஜெல்லோ அரை எனர்ஜி பாரோ சேர்ந்தால் 60 வந்துவிட்டது. இரண்டாவது பாட்டிலில் வெறும் தண்ணீர். வெயில் ஏறினால் அதிலிருந்து கூடுதலாகக் குடிக்கலாம், சர்க்கரைக் கணக்கு கெடாது. பவுடரை மணிக்கணக்கு அளவில் சின்ன ஜிப் கவர்களில் முன்கூட்டியே போட்டு ஜெர்ஸிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் கவரைப் பிரித்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது.

தண்ணீர் நிரப்பும் இடம் குறைவான பாதை என்றால், மூன்று மணி நேரப் பவுடரை ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்து, மார்க்கரால் பாட்டிலில் மூன்று கோடு போட்டு, மணிக்கு ஒரு கோடு இறங்குமாறு சிறு மடக்காகக் குடிக்கலாம். ஒவ்வொரு மடக்குக்கும் பின்னால் வெறும் தண்ணீர் கட்டாயம். அதை மறக்கிறவர்கள் இந்த வழிக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

வாங்கும்போது முன்பக்க விளம்பரத்தைப் பார்க்காமல் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் கார்போஹைட்ரேட், ஒரு பரிமாறல் என்பது ஒரு ஸ்கூப்பா இரண்டா? புரோட்டீன் பார்களில் கொழுப்பும் நார்ச்சத்தும் சேர்ந்து செரிமானத்தை மந்தமாக்கும். அவை ரைடு முடிந்த பிறகு. சர்க்கரை இல்லாதது என்று போட்ட எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றில் சிலவகை இனிப்பூட்டிகள் வயிற்றுப்போக்கையே வரவழைக்கும். கஃபீன் கலந்த ஜெல்லைக் கடைசி மூன்று மணி நேரத்துக்கு வையுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை போதும், உங்களுக்கு 210.

பவுடரை வீட்டிலேயே கலக்கவும் செய்யலாம். சாதாரணச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். 40 கிராம் சர்க்கரையோடு 20 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்தால் 60 கிராமில் அதே 2:1 விகிதம் வந்துவிடும். ஒரு கிராம் உப்பு சேர்த்தால் 400 மில்லிகிராம் அளவுக்கு சோடியம். கடைப் பொருளைவிட இனிப்பு தூக்கலாக இருக்கும், அதுதான் குறை. கடைசி நேரங்களில் இனிப்பைக் கண்டாலே வெறுத்துப்போகும், அது எல்லோருக்கும் வருவது. அதற்காகத்தான் முதல் பாதியில் மெல்லும் பார், பிற்பாதியில் ஜெல், நடுவில் சுவை மாற்றம் என்று திட்டமிட வேண்டும். சுவையில்லாத மால்டோடெக்ஸ்ட்ரின் அதிகமுள்ள பவுடர் அந்த நேரத்தில் பெரிய வரம்.

சாப்பிடத் தொடங்குவது பசித்த பிறகு அல்ல. கிளம்பிய 20-30 நிமிடத்தில் முதல் மடக்கு, அப்புறம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை. கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். அந்தக் கலோரிக் கணக்கைவிட அது உருப்படியான வேலை.

அப்படியும் ஒருநாள் பாங்க் ஆகிவிட்டால் வேகத்தைப் பாதியாக்குங்கள், ஒரே ஒரு ஜெல், தண்ணீர், பதினைந்து நிமிடம் பொறுமை, பிறகு இன்னொன்று. சர்க்கரை வாயில் பட்டதுமே மூளைக்குச் சேதி போய்க் கொஞ்சம் தெம்பு தெரியும். அதை நம்பி உடனே மிதிக்கப் போகாதீர்கள், சரக்கு இன்னும் ரத்தத்துக்கு வரவில்லை.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த அளவுகளை மருத்துவரிடம் பேசாமல் பின்பற்றக் கூடாது.

நாளைக்கே 60-க்குத் தாவவும் வேண்டாம். இப்போது நீங்கள் இருப்பது 20-25 கிராமில். இந்த வார இறுதி நீண்ட ரைடில் 35, அடுத்த வாரம் 45 என்று வாரம் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். அடிக்கடி சர்க்கரை வந்தால் குடலில் அந்த வாசல்கள் பெருகும், வயிறும் பழகும். ஏதாவது ஒரு வாரம் வயிறு உப்பினால் அதே அளவில் இன்னொரு வாரம் இருங்கள். அடுத்த பிரெவேக்கு முந்தைய இரண்டு ஒத்திகைகளை, அன்றைக்கு எடுத்துப்போகப் போகும் அதே பவுடர், அதே ஜெல், அதே காலை உணவோடு செய்யுங்கள்.