சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்கள் இத்தனை பேர் இருந்தும், சைக்கிள் பந்தயத்துக்கு ஏன் வருவதில்லை?

கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை.

கேட்டவர் ஏதோ ஒரு சைக்கிள் கிளப்பில் இருப்பவர் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பேர் கிளம்பினால் அதில் இரண்டு பேர்தான் பெண்கள், அவர்களும் போட்டி என்றால் பெயர் கொடுப்பதில்லை, ஆர்வம் இல்லையோ, உடம்பில் தெம்பு இல்லையோ என்று யோசித்திருப்பீர்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் பந்தயத்தில் ஓட்டியவள் இல்லை. ஓட்டிய ஒரு பெண்ணின் அம்மா. அவளை நிறுத்தியதும் நான்தான். பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டா இல்லையா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மாவட்டம் முழுக்க லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டப் பழகினார்கள். என் அம்மாவும் பழகினார். எனக்கு அப்போது எட்டு வயது. லேடீஸ் சைக்கிள் அவ்வளவாகக் கிடைக்காது, ஆம்பளை சைக்கிள்தான். முதலில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல், அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறிவிட்டார். பிற்பாடு லேடீஸ் சைக்கிள் வாங்க முடிந்தபோதும் வேண்டாம் என்றார். பார் இருந்தால்தானே பிள்ளையை உட்கார வைக்கலாம்? அந்தப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து, பின்னால் கேரியரில் குடத்தைக் கட்டி ஓட்டுவார். மேடு வந்தால் அவர் மூச்சு என் உச்சந்தலையில் படும்.

ஊர் அந்தச் சைக்கிளை ஒரே வருடத்தில் ஏற்றுக்கொண்டது. தண்ணீர் வந்தது, காய் சந்தைக்குப் போனது, பிள்ளை பள்ளிக்கூடம் போனது, யார் என்ன சொல்வது? பொங்கல் விளையாட்டில் பெண்களுக்கென்று ஒரு சைக்கிள் போட்டிகூட வைத்தார்கள். ஸ்லோ சைக்கிள். கால் ஊன்றாமல் கடைசியாக வருகிறவருக்குப் பரிசு. அம்மா இரண்டு வருடம் எவர்சில்வர் குடம் வாங்கியிருக்கிறார். வேகமாக ஓட்டுகிற போட்டி ஆம்பளைகளுக்கு. அந்தக் குடத்தில்தான் இன்றும் எங்கள் வீட்டில் அரிசி கொட்டி வைத்திருக்கிறோம். அது மெதுவாக ஓட்டியதற்குக் கொடுத்த குடம் என்பது, என் மகள் வேகமாக ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, மகள் கதைக்கு வருகிறேன்.

2023-ல் அவள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். அந்த சமயம் அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டத்துக்கு மாவட்டம் நடக்கும் மிதிவண்டிப் போட்டிக்கு பி.டி. டீச்சர் பெயர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். 17 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 15 கிலோமீட்டர், அதே வயது ஆண்களுக்கு 20. கியர் சைக்கிள் கூடாது, சாதாரண ஹேண்டில்பார் வைத்த உள்நாட்டு சைக்கிள்தான். என்னைக் கேட்டால் இந்த மாநிலத்திலேயே உருப்படியான விதி அது. இல்லாவிட்டால் எங்கள் பிள்ளை எல்லாம் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது.

முந்தின நாள் ராத்திரி வாசலில் உட்கார்ந்து ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு கூடையைக் கழற்றினாள். அப்புறம் கேரியர், அப்புறம் மட்கார்டு, ஸ்டாண்டு. "எதுக்கு பாப்பா?" என்றேன். "வெயிட்டும்மா" என்றாள். கழற்றிய சாமானை எல்லாம் கூடைக்குள் போட்டுத் தூக்கிப் பார்த்தோம். என் கையில் நாலு கிலோவாவது இருந்தது. சுடிதார் பேண்ட் செயினில் மாட்டாமல் இருக்க கணுக்காலில் தலைக்குப் போடும் ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். இரண்டாவதாக வந்தாள். ஒரு சக்கர நீளம்தான் வித்தியாசம்.

பரிசு 3,000 ரூபாய், வங்கிக் கணக்கில் வரும் என்றார்கள். வந்தது. ஒரு மாதம் கழித்துப் பாஸ்புக்கில் பதியப் போனால் 2,400-ம் சொச்சமும்தான் இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு இல்லையாம், மெசேஜ் கட்டணமாம். மாணவர் கணக்கு, இருப்பே வேண்டாம் என்று சொல்லித் திறந்ததுதான். 18 வயது ஆகாத பிள்ளை வெயிலில் மிதித்துச் சம்பாதித்த காசில் கை வைக்கலாமா என்று கேட்டேன். மேனேஜர், "சிஸ்டம் எடுத்துக்கிச்சும்மா" என்றார். மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன், இன்றுவரை வரவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் இதை எங்கேயாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

அந்தப் போட்டியில் பார்த்த ஒரு பயிற்சியாளர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். பிள்ளைக்குக் கால் நன்றாக இருக்கிறது, ஒழுங்காகப் பழகினால் மாநில அளவுக்குப் போகலாம், ரேஸ் சைக்கிள் மட்டும் வேண்டும் என்றார். கடையில் விசாரித்தால் 40,000-க்குக் கீழே பேச்சே இல்லை. கடைக்காரர் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். அவருக்கு சைக்கிள் பற்றி ஒன்றும் தெரியாது. பாவம், தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பழைய சைக்கிள் ஒன்று 18,000-க்குக் கிடைத்தது.

அடுத்தது டவுசர். ரேஸுக்குப் போடுகிற டவுசர் உடம்போடு ஒட்டி இருக்கும், உட்காரும் இடத்தில் பஞ்சு மாதிரி திண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். உள்ளே வேறு எதுவும் போடக் கூடாது, போட்டால் உராய்ந்து புண்ணாகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பயிற்சியாளர் ஆண், அவர் எப்படிச் சொல்வார்? மகளுக்கும் தெரியாது. இரண்டு வாரம் புண்ணோடு ஓட்டியிருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லாமல். மாதவிலக்கு நாட்களிலும் அதே சீட்டு, அதே டவுசர். பக்கத்தில் கூட ஓட்டுகிற அக்கா ஒருத்தி இருந்திருந்தால் முதல் நாளே காதில் சொல்லியிருப்பாள். அப்படி ஒருத்தி எங்கள் பக்கத்தில் இல்லை.

என் மாமியார் அந்த டவுசரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார் என்றுதான் எல்லாரும் நினைப்பீர்கள், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது திண்ணையில் இருந்து, "எங்கத்தா போற?" என்பார். "சும்மா ஓட்டிட்டு வரேன் அப்பத்தா." "ஓட்டி?" "திரும்பி வந்துடுவேன்." "அதுக்கு எதுக்குப் போற?"

நான் சிரித்தேன் அப்போது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் அந்தத் திண்ணையில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் பெண் சைக்கிள் ஓட்டுவதை யாரும் தடுப்பதில்லை. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மாவு மில், பால் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். எதையும் கொண்டுபோகாமல், எதையும் வாங்கி வராமல், 40 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறாள் என்றால் அதை என்ன கணக்கில் எழுதுவது என்று வீட்டுக்கும் தெரியவில்லை, தெருவுக்கும் தெரியவில்லை. பையன் அப்படிப் போனால் 'ஊர் சுத்தப் போயிருக்கான்' என்று ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது. பெண்ணுக்கு அந்த வார்த்தையைச் சொன்னால் அர்த்தமே வேறு.

நகரத்தில் இருப்பவர்கள் எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று சொல்லலாம். இல்லாமல் இருக்கட்டும், சந்தோஷம். நான் எங்கள் ஊரைச் சொல்கிறேன்.

அதனால் நானே கூடப் போனேன். அவள் முன்னால் சைக்கிளில், நான் பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில். தலையில் மஃப்ளர். அவள் முப்பத்தைந்தில் போவாள், இறக்கத்தில் நாற்பத்தைந்தைத் தொடுவாள், எக்ஸெல் கிடந்து கதறும். ஜப்பானில் 1948-ல் ஆரம்பித்த கெய்ரின் என்ற பந்தயத்தை ஒலிம்பிக்கில் நடத்தும்போது மோட்டார் வண்டி முன்னால் போய் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கும், கடைசி மூன்று சுற்றில் விலகிக்கொள்ளும், அப்புறம்தான் நிஜமான பந்தயம் என்று பயிற்சியாளர் சொன்னார். எங்கள் வீட்டில் வண்டி பின்னால், விலகவும் முடியாது. அந்த ஜப்பானிலேயே பெண்களுக்கான கெய்ரினை 1964-ல் நிறுத்திவிட்டு, திரும்ப 2012-ல்தான் தொடங்கினார்கள் என்று பிற்பாடு மகள் படித்துச் சொன்னாள். நாற்பத்தெட்டு வருடம்.

எல்லா நாளும் நான் போக முடியாது. சமையல், பள்ளிக்கூட வேன், என் வேலை. நான் போகாத நாட்களில் பைக்கில் இரண்டு பேர் அவளை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கையால் எதுவும் செய்யவில்லை. பக்கத்திலேயே, அவள் வேகத்துக்கே, ஒன்றும் பேசாமல் நாலு கிலோமீட்டர் வருவது. அவள் வேகத்தைக் குறைத்தால் அவர்களும் குறைப்பார்கள். சொன்னால் நிறுத்திவிடுவேன் என்று பத்து நாள் சொல்லவில்லை. வழக்கமாகக் கீழ்ப்பக்க ரோட்டில் வருபவள் வயல் வழியாக, சக்கரமெல்லாம் சேறாக வந்து நின்றபோதுதான் விஷயம் வந்தது.

அவள் பயந்தது சரியாகப் போயிற்று. நான் நிறுத்திவிட்டேன்.

"அந்தப் பையன்கள் மேல் புகார் கொடுத்திருக்க வேண்டும்", "பயந்தால் எப்படி முன்னேறுவது" என்று எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து ஒரு மாதம் மார்கழி இருட்டில் எக்ஸெல் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வண்டி நம்பர் தெரியாது, செய்த குற்றம் என்ன என்று கேட்டால் பக்கத்தில் வந்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். இன்னொன்றும் மனசில் இருந்தது. அதற்கு முந்தின வருடம், 2022-ல், ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போன இந்திய வீராங்கனை ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் புகார் கொடுத்து, அணியையே திருப்பி அழைத்தார்கள், அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தையும் முடித்தார்கள். அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். செய்தியில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அந்த ஒருவர் என்பது மட்டும் மறக்கவில்லை. எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் தங்கமான மனிதர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் இனி எங்கே போனாலும் இவள் ஒருத்தியாகத்தானே போக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

தெம்பு இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன், அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒலிம்பிக்கில் 1896-லேயே சைக்கிள் பந்தயம் உண்டு. பெண்களை உள்ளே விட்டது 1984-ல்தான். பாரிஸில் 2024-ல் சாலைப் பந்தயம் ஆண்களுக்கு 273 கிலோமீட்டர், பெண்களுக்கு 158. தூரத்தைக் குறைத்து வைத்தது யாரோ, தெம்பு இல்லை என்ற பெயர் எங்களுக்கு. ஆர்வமும் இல்லாமல் இல்லை. அந்தமான் நிக்கோபாரைப் பாருங்கள். சுனாமியில் சிறுமியாகத் தப்பிப் பிழைத்த டெபோரா ஹெரால்டு அங்கிருந்து வந்துதான் இந்தியாவுக்காக ஓட்டினார். அவரோடு நிற்கவில்லை, இன்னொரு சைக்கிள் வீராங்கனை செலஸ்டினாவும் அந்தத் தீவுக்காரர்தான். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சைக்கிள் ஓட்டவே தனியாகப் பந்தயத் தளம் இருக்கிறது, லாரியும் வராது, பைக்கில் ஒட்டிக்கொண்டும் வர முடியாது, கூடவே ஓர் அக்கா ஓட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் அப்படி ஒரு தளம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு பகல் போய்விடும்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது அந்தத் தளத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் தங்கம் வாங்கியதை மகள் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக்கே இல்லாத சைக்கிள், சுவர் மாதிரி சரிந்து நிற்கும் வளைவு. நான் அடுப்படியில் இருந்தேன். என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. ஆகவே பெண்கள் வருவதே இல்லை என்று நீங்கள் கேட்டதும் முழுக்கச் சரியில்லை. வருகிறார்கள். வந்த இடத்தில் என் பெண் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். ரேஸ் சைக்கிளை 15,000-க்கு விற்றுவிட்டோம். அரசு சைக்கிளில் கூடை, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் நான்தான் திரும்ப மாட்ட வைத்தேன். லீவுக்கு வந்தால் காலையில் பால் வாங்க அவள்தான் போவாள். திண்ணையில் கேள்வி எதுவும் வருவதில்லை. போன வாரமும் போனாள். வாசலில் வந்து இறங்கியதும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் கூடையைப் பார்த்தாள். இரண்டு பாக்கெட்டில் ஒன்று உடைந்து வழிநெடுக ஒழுகியிருந்தது.