டவுன் பஸ்ஸில் எழுதிய ஒன்பது வருடம்

கேள்வி:

அன்புள்ள அக்கா, சேலம் கொண்டலாம்பட்டியில் இருந்து எழுதுகிறேன். வயது 46. கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 2016-இல் இருந்து டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் ஒரு குறிப்புச் செயலியில் நாலு வரி எழுதி வைப்பது என் பழக்கம். பார்த்தது, கேட்டது, மனதில் பட்டது எல்லாம் இருக்கும். அந்தச் செயலியை மூடப்போவதாகப் போன வாரம் மெயில் வந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமாம். இன்ஜினியரிங் படிக்கும் மகன், "பஸ்ல எழுதுனதை வெச்சு என்னம்மா பண்ணப் போற, விட்டுத்தள்ளு" என்கிறான். என் மாமியார் படுக்கையில் இருந்தபோது கோபத்தில் எழுதிய பக்கங்களும் அதில் உண்டு. "ஜவ்வரிசிக் கஞ்சி நாலு கரண்டி குடித்தார்" என்று எழுதிய அன்றைக்கே அதையும் எழுதியிருக்கிறேன். அதை வீட்டில் யாரும் படிக்கக் கூடாது. இத்தோடு விட்டுவிடலாமா? இல்லை, வேறு எதில் எழுதினால் இந்தத் தொல்லை வராது? சில குறிப்புகளை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

- வாசகி, சேலம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

விட வேண்டாம். ஒரு வரியைக்கூட விட வேண்டாம். நீங்கள் அனுப்பிய குறிப்புகளை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதில் ஒன்று இது:

"2021 மே 8, சனி. கண்டக்டர் காசு வாங்கவில்லை. 'பொம்பளைங்களுக்கு இன்னையிலிருந்து டிக்கெட் இல்லீங்க' என்றார். பக்கத்து சீட் பாட்டி நம்பவில்லை. குகை ஸ்டாப் வரைக்கும் சுருக்குப் பையை மூடாமல் கையிலேயே பிடித்திருந்தார்."

சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அடுத்த திங்கட்கிழமையே ஊரடங்கு தொடங்கி பஸ்ஸும் நின்றுபோனது. அரசாணை எங்கேயாவது பத்திரமாக இருக்கும். அந்தப் பாட்டியின் மூடாத பையை எழுதி வைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பழைய பஸ் நிலையத்தை இடித்துவிட்டு பஸ்களைப் போஸ் மைதானத்துக்கு மாற்றிய காலத்தில், மழைச் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் பஸ் எது என்று தேடியதை எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ரோட்டில் மேம்பாலத்துக்குத் தோண்டிப் போட்டிருந்த வருடங்களில், அழகாபுரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்திருக்கிறீர்கள். பாலம் 2020 ஜூனில் திறந்தாயிற்று. ஈரடுக்கு பஸ் நிலையமும் 2023-இல் வந்துவிட்டது. நானும் இந்த ஊர்க்காரிதான், அந்தத் தூசியைத் தின்றவள்தான். ஆனாலும் அங்கே முன்பு எப்படி இருந்தது என்று யோசித்தால் எனக்கே இப்போது சரியாக நினைவுக்கு வரவில்லை. உங்களிடம் தேதியோடு இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல், ஊரில் என்ன பேச்சு என்று அன்றாட சங்கதிகள்தான். அவர் காலத்துக்குப் பிறகு அது கிடந்தது. 1846-இல் ஒருவர் கண்டெடுத்துப் படி எடுத்த பிறகுதான் வெளியே தெரிந்தது. உங்களுக்கும் இப்போது தேவை அந்தப் படிதான்.

என் கதையையும் சொல்கிறேன். ஏற்காட்டில் ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் இப்படி எழுதினேன். முதல் இரண்டு வருடம் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்து ஒரு சி.டி.யில் போட்டு வைத்தேன். அப்புறம் ஒரு இணையதளம் கிடைத்தது. பார்க்க அழகாக இருக்கும், படம் போடலாம். எல்லாவற்றையும் அதிலேயே எழுதினேன். கோடை மழை பெய்து எத்தனை நாளில் காபி பூத்தது, எந்த வருடம் எந்தத் தேதி என்று அதில் குறித்திருந்தேன். பூத்த அன்றைக்குப் பள்ளிக்கூட ஜன்னலைத் திறந்தால் வகுப்பு முழுக்க வாசனை. தளத்தை மூடுகிறோம் என்று எனக்கும் மெயில் வந்தது. பரீட்சைத்தாள் திருத்தும் சமயம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். பார்த்தபோது தளமே இல்லை. மழைக்கு எட்டு, பத்து நாள் கழித்துப் பூக்கும் என்று எல்லோரும் சொல்வதுதான் இப்போது என்னிடம் மிச்சம். என் தேதிகள் போய்விட்டன.

அந்தப் பழைய சி.டி. என்ன ஆனது தெரியுமா? திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒன்றில் ஒட்டி மாற்றினேன், நாலைந்து எழுத்துகள் தவிர மொத்தமும் திரும்ப வந்தது. கோணல்மாணலாக இருந்தாலும் கையில் இருந்தது பிழைத்தது. அழகாக இருந்தது அடுத்தவர் வீட்டில் இருந்ததால் போனது.

சரி, வேலைக்கு வருவோம். அடுத்த மாதக் கடைசி வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். செயலியின் செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட்' அல்லது 'டவுன்லோட்' என்று ஏதாவது இருக்கும். போனில் இல்லாவிட்டால் அதே கணக்கில் கம்ப்யூட்டர் பிரவுசர் வழியாக நுழைந்து பாருங்கள், சில செயலிகளில் அங்கேதான் இருக்கும். எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டால் வெறும் டெக்ஸ்ட் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அதை எந்தக் கம்ப்யூட்டரும் எந்தப் போனும் திறக்கும். பி.டி.எஃப். மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அதிலிருந்து தமிழைக் காப்பி எடுத்தால் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், ஒரு சொல்லைத் தேடினாலும் சிக்காது.

இறக்கியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கோப்பைத் திறந்து முதல் குறிப்பு, நடுவில் ஒன்று, கடைசிக் குறிப்பு மூன்றையும் படியுங்கள். தேதிகள் வந்திருக்கின்றனவா? படங்களும் குரல் பதிவுகளும் இருந்தால் அவை தனியாக வர வேண்டும், அதையும் பாருங்கள். அப்புறம் ஒரு படி கம்ப்யூட்டரில், ஒரு படி மெயிலில், ஒரு படி பென் டிரைவில். அந்தப் பென் டிரைவ் அழகாபுரத்தில் இருக்கட்டும். ஒரே வீட்டில் மூன்று படி இருப்பது ஒரு படி இருப்பதற்குச் சமம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் வருடத்துக்கு ஒன்றாக பிரிண்ட் போட்டு ஸ்பைரல் போடுங்கள். லேசர் பிரிண்ட் என்று கேட்டு வாங்குங்கள். இங்க்ஜெட்டில் எடுத்தது ஈரம் பட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

இனி எதில் எழுதுவது? குலுங்குகிற பஸ்ஸில் நோட்டும் பேனாவும் சரிப்படாது, போனே இருக்கட்டும். எந்தச் செயலியாக இருந்தாலும் முதல் நாளே பத்து வரி எழுதி, வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கூகுள் கீப்பில் எழுதினால், 'டேக்அவுட்' என்ற அவர்களுடைய வசதி வழியாக எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை அவர்கள் அழித்துவிடலாம் என்ற விதி 2023 டிசம்பரில் இருந்து இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். கடையில் மாதக் கணக்கு முடிப்பீர்கள் அல்லவா, அன்றைக்கே இதையும் இறக்கி வைத்துவிடுங்கள். மூடாத செயலி என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது.

அந்தக் கோபப் பக்கங்கள். இரவெல்லாம் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு ஓடி வந்து பஸ் பிடித்த மனுஷி எழுதியவை அவை. வேறு யாரிடம் சொல்லியிருப்பீர்கள்? வெட்கப்பட ஒன்றுமில்லை. கெடு நெருங்குகிறது என்பதற்காக அவசரத்தில் அழிக்காதீர்கள், அதைத்தான் வேண்டிக் கேட்கிறேன். அவற்றை மட்டும் தனிக் கோப்பாக வெட்டி, பாஸ்வேர்ட் போட்டு, மெயிலுக்கும் பிரிண்டுக்கும் அனுப்பாமல் உங்கள் பீரோவில் வையுங்கள். அதற்கான பென் டிரைவ் தனி. ஆறு மாதம் கழித்து வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம் படியுங்கள். அப்போதும் அழிக்கத் தோன்றினால் அழியுங்கள், அது உங்கள் உரிமை. நாலு கரண்டி கஞ்சியை எண்ணியவரும் அதே நீங்கள்தான் என்பது அன்றைக்குக் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

மகன் மேல் வருத்தம் வேண்டாம். ஒன்பது வருடத்துக்கு முன் அவன் பத்து வயதுப் பையனாக இருந்திருப்பான். குகையில் சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு போன ஆடி மாதக் குறிப்பு ஒன்றாவது உங்களிடம் இருக்கும். தேடி எடுத்து அதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் எக்ஸ்போர்ட் செய்ய உதவி கேளுங்கள், உட்காருவான். கோபப் பக்கங்களை வெட்டும் வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள்.

முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கூடவே ஒன்று கேட்க வேண்டும். பாட்டி குகை வரைக்கும் பையை மூடவில்லை என்று நிறுத்திவிட்டீர்கள். அவர் குகையில் இறங்கினாரா, இல்லை உங்களோடு பஸ் நிலையம் வரைக்கும் வந்தாரா? அடுத்த குறிப்பில் இருக்கிறதா, பாருங்கள்.

அன்புடன்,
அக்கா