பேரல் ஆயிலை என் பெயரில் விற்கலாமா?

கேள்வி: டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். 210 லிட்டர் பேரலில் இன்ஜின் ஆயில் வாங்கி, 900 மில்லி பாட்டிலில் அடைத்து விற்க ஆசை. மெக்கானிக்குகளிடம் பெரிய கம்பெனிகளின் காலி பாட்டில்கள் கிடைக்கின்றன. லேபிளில் என்னென்ன போட வேண்டும்?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: தம்பி, அந்தக் காலி பாட்டில் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். அடுத்தவர் பிராண்டு உள்ள பாட்டிலில் வேறு ஆயிலை அடைப்பது 1999 வணிகக்குறிச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

நான் எடை, அளவைகளைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளராக இருந்தபோது ஒரு கடையில் பிடித்த பாட்டில் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூடியில் சீல் வளையம் இல்லை, கழுத்துக்குள் பழைய ஆயிலின் கறுப்புக் கோடு, விலைமேல் வெள்ளை ஸ்டிக்கர். அளந்தால் 840 மில்லி. அதை வாங்கியவர் பைக்கில் பால் ஊற்றிப் பிழைப்பவர். இன்ஜின் போனால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

சரி, புது பாட்டிலில் உங்கள் பெயரிலேயே அடைக்கலாம். 2011 சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் இதற்குப் பொருந்தும். ஆயிலைத் தயாரித்தவர், அடைத்த நீங்கள், இரண்டு பேருடைய பெயரும் முகவரியும் வேண்டும். பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, புகார் சொல்ல போன் நம்பரும் இமெயிலும் இருக்க வேண்டும். 'சுமார் 900 மில்லி' என்று போடக் கூடாது. ஒரு லிட்டருக்குக் குறைவு என்பதால் ஒரு மில்லி என்ன விலை என்றும் அச்சடிக்க வேண்டும்: எம்ஆர்பி 405 ரூபாய் என்றால் மில்லிக்கு 45 காசு. இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தே ஆக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், கட்டாயம் சேருங்கள். நம் ஊர்க்காரர் படிக்க வேண்டாமா?

எம்ஆர்பியைக் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. குறைத்து ஒட்டலாம், ஆனால் அச்சான விலை மறையக் கூடாது.

அப்புறம், 20டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்றெல்லாம் போடுவதானால், பேரல் கொடுத்தவர் எழுத்தில் தந்ததை மட்டும் போடுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே முங்கி ஓடுகிறது. தப்பான ஆயில் போனால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும்.

அடைக்கத் தொடங்கிய 90 நாளுக்குள் பேக்கர் (அடைப்பவர்) பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம் மாநிலத்தில் இது தொழிலாளர் துறையின் வேலை. லேபிளை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரியை அங்கே ஒருமுறை காட்டுங்கள். அதுவரை பேரலிலிருந்து சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதானால், முத்திரை போட்ட அளவையால், வாடிக்கையாளர் கண்முன்னே அளந்து ஊற்றுங்கள்.