சென்ட்ரல் லைன் வழியாக இரத்தத்தில் கிருமி கலப்பதைத் தடுக்க முடியுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் உங்கள் தந்தைக்குக் கழுத்து நரம்பில் (சரியாகச் சொன்னால் சிரையில்) போட்டிருக்கும் குழாயால் (இதுதான் சென்ட்ரல் லைன்) தொற்று வருமா, அதைத் தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரக்கூடும், பெரும்பாலும் தடுக்கவும் முடியும்.

முதல் சில நாள்களில் தோலிலுள்ள கிருமிகள் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி உள்ளே இறங்குகின்றன. நாளாக ஆக, மருந்து ஏற்றும் முனையைத் தொடும் கைகளிலிருந்து குழாயின் உட்புறமாகச் செல்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், கை கழுவுதல், குழாய் போடும்போது நோயாளியை முழுவதுமாகக் கிருமி நீக்கிய துணியால் மூடுதல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல் ஆகிய ஐந்தே நடைமுறைகளால், 1000 குழாய் நாள்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று 18 மாதங்களில் 1.4 ஆகக் குறைந்தது. இவற்றில் புதிய மருந்து எதுவும் இல்லை. ஒரு படி விடுபட்டால் மருத்துவரையே தடுத்து நிறுத்தும் உரிமை செவிலியருக்குக் கிடைத்ததுதான், என் பார்வையில், பெரிய மாற்றம்.

மருந்து ஏற்றுமுன் அந்த முனையை ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஊசிக்குழலைப் பொருத்தினால் தேய்த்த பலன் குறையும். குழாய் இன்றும் தேவைதானா என்று நாள்தோறும் மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.