கூட்டம் உள்ளே, குளிர் வெளியே: வாசகர் கேள்வி–பதில்

நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் குளிர்கால நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு இங்கே.

எங்கள் அருங்காட்சியகக் கூடத்தில் மாலை இசை நிகழ்ச்சி வைக்கப்போகிறோம். 80 பேர் உட்காரலாம். காப்பாட்சியர் 40 பேருக்கு மேல் கூடாது என்கிறார். யாரும் எதையும் தொடப்போவதில்லையே, ஏன் இந்தப் பிடிவாதம்?

தொடவே வேண்டாம், மூச்சு விட்டாலே போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியை மூச்சாலும் தோலாலும் வெளிவிடுகிறார். கூடவே சுமார் 100 வாட் வெப்பம். 80 பேர் என்றால் மணிக்கு 4 கிலோ தண்ணீர், 8 கிலோவாட் சூடு. கூடத்தின் பரப்பு 200 சதுர மீட்டர், உயரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோட்டமே இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் கன மீட்டருக்கு 5 கிராம் நீராவி ஏறும். 20 டிகிரி காற்று தாங்குவதே கன மீட்டருக்கு 17 கிராம் சொச்சம்தான். 35 விழுக்காட்டில் இருந்த ஈரப்பதம் 60-ஐத் தாண்டிவிடும். சுவரும் திரைச்சீலையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், கதவிடுக்கில் கொஞ்சம் போகும். ஆனால் நனைந்த மேலங்கிகளை நாற்காலி முதுகில் மாட்டவிட்டால் அந்த லாபமும் போச்சு.

கூட்டம் கலைந்த பிறகுதான் உண்மையான தொல்லை. 20 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும் காற்று, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர்த்துளியாகப் படியும். இரவில் ஹீட்டரைக் குறைத்ததும் ஜன்னல் கண்ணாடி வியர்க்கும், வெளிச்சுவரில் மாட்டிய படத்தின் பின்பக்கமும் ஈரமாகலாம். காலையில் ஹீட்டர் ஓடியதும் மறுபடி வறட்சி. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மரம் வெடிக்கிறது, வண்ணப்பூச்சு செதில் செதிலாகப் பெயர்கிறது.

ஜன்னலைத் திறந்தால் தீருமா? அதுவும் ஆபத்து. சுழியம் டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள வெளிக்காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 21 விழுக்காடு அளவுக்கு விழுந்துவிடும். காற்றோட்ட இயந்திரம் இருந்தால் நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பே ஓடவிட்டு, முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் ஓடட்டும். ஹீட்டரை வழக்கத்தைவிட இரண்டு டிகிரி குறைவாக வையுங்கள். மிச்சத்தைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும். மேலங்கிகள் கூடத்துக்கு வெளியே. நாற்காலிக்கும் காட்சிப்பேழைக்கும் இடையே ஒரு மீட்டராவது இடைவெளி. ஈரப்பதமானி இரண்டு வேண்டும்: ஒன்று கூடத்தில் தலை உயரத்தில், ஒன்று பேழைக்குள். பேழைக்குள் இருப்பது அசையவில்லையென்றால் நிம்மதி. கார்பன் டை ஆக்சைடு அளவியும் கிடைத்தால் நல்லது. 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,000 பங்கு) தாண்டினால் காற்று போதவில்லை என்று பொருள். காற்றோட்டம் இல்லாத கூடத்தில் 80 பேர் அரை மணிக்குள் அதைத் தாண்டிவிடுவார்கள்.

மேடை விளக்கையும் கணக்கில் சேருங்கள். துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்குப் பொதுவாக 50 லக்ஸ்தான் (மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) வரம்பு. 1,000 லக்ஸ் விளக்கு மூன்று மணி நேரம் அவற்றின் மேல் விழுந்தால், 60 மணி நேரக் காட்சிக்கான ஒளியை ஒரே மாலையில் வாங்கிவிடும். ஒத்திகைக்கும் விளக்கு எரியும் என்பது பெரும்பாலும் மறந்துபோகும்.

ஆகவே காப்பாட்சியர் பக்கமே நியாயம். 80 பேரும் வந்தாக வேண்டுமானால் 40 பேராக இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், நடுவே ஒன்றரை மணி இடைவெளி. கலைஞர்களை ஒரு மணி முன்னதாக வரச்சொல்லுங்கள். குளிரிலிருந்து வந்த நரம்புக் கருவியைப் பெட்டியிலேயே அரை மணி வைத்திருந்து எடுக்காவிட்டால் சுருதி நிற்காது.

மெழுகுவர்த்தி, பசுந்தழை, பூ என்று அலங்கரிக்கலாமா?

மெழுகுவர்த்தி கூடவே கூடாது. தீ விபத்து ஒருபுறம் இருக்க, புகைக்கரி படங்களின் மேல் படிந்தால் எடுப்பது பெரும்பாடு. பேட்டரியில் எரியும் எல்இடி திரி போதும். பூவோடு கம்பள வண்டு வரும். வளர்ந்த வண்டு மகரந்தம் தின்று பிழைக்கும். அதன் புழுதான் கம்பளி, பட்டு, இறகு, பாடம் செய்த விலங்குகள் எல்லாவற்றையும் அரிக்கும். உலர்ந்த தழை, வைக்கோல் வேண்டுமென்றால் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி −20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். ஜிகினாத்தூள் வேண்டவே வேண்டாம். அடுத்த குளிர்காலத்திலும் பேழைக்குள் மின்னிக்கொண்டிருக்கும். சிற்றுண்டி தனி அறையில். அன்றிரவே கூட்டிவிட வேண்டும், ஏனென்றால் குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் எலி சிந்திய துணுக்கைத் தேடி வரும்.

பழைய குடும்பப் படங்களைக் கொண்டுவரச் சொல்லி நூலகத்தில் ஸ்கேன் செய்து தரும் நாள் ஒன்று நடத்த ஆசை. என்னென்ன தேவை, எத்தனை பேரைக் கூப்பிடலாம்?

குளிர்காலத்துக்கு ஏற்ற நிகழ்ச்சி இது. வெளியே வேலை குறைவு, பெரியவர்கள் பேச உட்காருவார்கள். ஆனால் ஆளைக் குறைத்துக் கூப்பிடுங்கள். ஒருவருக்கு 10 படம் என்று வரம்பு வைத்தாலும் படிவம், ஸ்கேன், விவரம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 நிமிடம் ஆகும். ஒரு ஸ்கேனர் மூன்று மணி நேரத்தில் ஏழெட்டுப் பேருக்குத்தான் ஈடுகொடுக்கும். முன்பதிவு இல்லாமல் அறிவித்தால் வரிசை வாசலுக்கு வெளியே குளிரில் நிற்கும்.

ஏ4 தட்டை ஸ்கேனர் இரண்டு, கணினி இரண்டு, வெளி வன்தட்டு இரண்டு, தூசி ஊதும் ரப்பர் குமிழ், கண்ணாடி துடைக்கும் மென்துணி, நைட்ரைல் கையுறை, 2பி பென்சில், காகித உறைகள், இவை போதும். மேசையில் பேனா இருக்கவே கூடாது. பருத்திக் கையுறையும் வேண்டாம்: படத்தின் ஓரத்தில் மாட்டிக் கிழிக்கும், விரலுக்குப் பிடிமானமும் இருக்காது. ஸ்கேனருக்கு ஒருவர், விவரம் கேட்டு எழுத ஒருவர், வரவேற்க ஒருவர் என ஆளைப் பிரியுங்கள். ஸ்கேன் செய்பவரே கதையும் கேட்டால் இரண்டும் கெடும்.

வெளியிலிருந்து வரும் படங்களை உடனே பிரிக்கக் கூடாது என்பது முதல் விதி. குளிர்ந்த படம் சூடான அறையில் ஈரத்தை இழுக்கும், மேற்பூச்சிலுள்ள ஜெலட்டின் ஊறி ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் மூடிக் கொண்டுவரும்படி அறிவிப்பிலேயே சொல்லிவிட்டு, வந்ததும் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். தடித்த ஆல்பத்துக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். அந்த நேரத்தில் படிவத்தை நிரப்பச் சொல்லலாம்.

படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), 24 பிட் வண்ணம், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள், கறையும் பழுப்பும் பிற்பாடு பிரித்தறிய உதவும். 4×6 அங்குலப் படம் சுமார் 26 எம்பி வரும். 10 படத்துக்கு 260. தானாகக் கூர்மையாக்குவது, நிறம் திருத்துவது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 35 மிமீ நெகட்டிவுக்கு 3,200 டிபிஐக்குக் குறையக் கூடாது. அதற்கு மூடியில் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும், சாதாரண ஸ்கேனரில் கறுப்பாகத்தான் விழும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தை உரிக்க முயலாதீர்கள். பக்கத்தோடு சேர்த்து, மேலிருந்து கேமராவால் எடுங்கள்.

விவரத்தை இடமிருந்து வலமாக யார் யார், எந்த இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று உறையின் மேல் எழுதிய பிறகே படத்தை உள்ளே போடுங்கள். படத்தின் முதுகில் பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தெரியும். படிவத்தில் இரண்டு அனுமதி தனித்தனியே இருக்கட்டும்: நூலகம் பாதுகாத்து வைக்க, வெளியில் காட்ட. படம் வைத்திருப்பவரிடமே பதிப்புரிமையும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பல நாடுகளில் அது எடுத்தவருடையது. முடிவில் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு கட்டடத்தில்.

சிறுவர் கதைநேரம் 30 நிமிடம் அறிவிக்கிறோம். மேலங்கி, காலுறை, காலணி கழற்றவே பத்து நிமிடம் போய்விடுகிறது.

கதவை 15 நிமிடம் முன்பே திறந்து, கதையை 20 நிமிடமாக்குங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் அதற்கு மேல் எப்படியும் உட்கார மாட்டார்கள். கொக்கிகளைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அடித்தால் பிள்ளைகளே மாட்டுவார்கள். வாசல் மிதியடி இரண்டு மூன்று மீட்டர் நீளம் வேண்டும். ஒவ்வொரு காலும் இரண்டு முறையாவது அதில் பட்டால்தான் செருப்பின் ஈரம் நிற்கும், இல்லையேல் உள்ளே வழுக்கும். ஓரம் சுருளும் மிதியடியை உடனே மாற்றுங்கள். முதலில் கையசைத்துப் பாடும் பாட்டு ஒன்றை வைத்தால் தாமதமாக வருபவர் கதையைத் தவறவிடார். படப்புத்தகம் என்றால் 20 குழந்தைகளோடு நிறுத்துங்கள், பின்வரிசைக்குப் படம் தெரியாது.

நூலகத்துக்கு விலை கொடுத்து வாங்கிய திரைப்படத் தட்டை (டிவிடி) கட்டணம் இல்லாமல் திரையிடலாமா?

பொதுவாக முடியாது. தட்டு வாங்குவது வீட்டில் பார்க்கும் உரிமைதான். கட்டணம் இல்லை என்பதால் மட்டும் பொதுத் திரையிடலுக்கு அனுமதி கிடைத்துவிடாது. உரிமையாளருக்கு எழுதும்போது தேதி, இருக்கை எண்ணிக்கை, கட்டணம் உண்டா இல்லையா மூன்றையும் குறிப்பிடுங்கள். உரிமைக்காலம் முடிந்த பழைய படமானாலும், புதிதாகச் சேர்த்த இசைக்கும் வசன எழுத்துக்கும் தனி உரிமை இருக்கலாம்.

நிகழ்ச்சிக்குக் காரணமாக ஏதாவது நாள் சொல்லுங்கள். பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் வராமல்போவதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

வடக்கு அரைக்கோளக் குளிர்காலத்தில் மூன்று நல்ல நாள்கள்: ஜனவரி 4 உலக பிரெய்ல் நாள், பிப்ரவரி 13 உலக வானொலி நாள், பிப்ரவரி 21 பன்னாட்டுத் தாய்மொழி நாள். பிரெய்ல் நாளை நான் முதலில் எடுப்பேன், செய்து பார்க்க வேலை இருக்கிறது. பிரெய்ல் என்பது பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள். தகடும் ஊசியும் கொண்டு குத்தும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும், திருப்பினால்தான் நேராகப் படிக்கலாம். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள அச்சுத்தாளில் புள்ளி அமுங்கிவிடும், 140 கிராமுக்குக் குறையாத தாள் வாங்குங்கள்.

வராதவர்களைப் பற்றி: இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்வது எளிது, மறப்பதும் எளிது. முந்தின நாள் குறுஞ்செய்தி அனுப்புங்கள், அதிலேயே ரத்து செய்யும் வழியும் இருக்கட்டும். காத்திருப்போர் பட்டியல் வைத்து, தொடங்கிப் பத்து நிமிடத்தில் காலி இடங்களை வாசலில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். பனியோ புயலோ மோசமானால் ரத்து முடிவை எடுப்பவர் ஒருவராகவும், எடுக்கும் நேரம் நான்கு மணி நேரம் முன்பாகவும் முதலிலேயே தீர்மானமாகியிருக்கட்டும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. பாதி வழி வந்தவருக்குப் போகும் ரத்துச் செய்தி அதை மீறுகிறது. பதிவுப் படிவத்தில் கைபேசி எண்ணைக் கேட்காமல் மின்னஞ்சல் மட்டும் வாங்கியிருந்தால், அந்தச் செய்தியும் பெரும்பாலோரை வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சேரும்.