நகையை அடகு வைப்பதற்கு முன் ஓர் அரை மணி நேரம்

வணக்கம் ஐயா. உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும்போது லேப்டாப் திணறுகிறது. கேமிங் லேப்டாப் இல்லாமல் இந்தத் துறையில் நிற்க முடியாது என்று தோழிகள் சொல்கிறார்கள். 95,000 ரூபாய்க்கு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு நகைக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

ஃபிக்மா வெறும் இணையப் பக்கம் அல்ல. அது பிரௌசருக்குள் ஓடும் முழு வரைகலை மென்பொருள். 2011இல் வெளிவந்த வெப்ஜிஎல் என்ற தொழில்நுட்பம், பிரௌசர் நேரடியாகக் கணினியின் கிராபிக்ஸ் சிப்பிடம், அதாவது திரையில் படம் வரையும் சிப்பிடம், வேலை வாங்க வழி திறந்துவிட்டது. முப்பரிமாணப் பொருள்களை வடிவமைக்கும் ஆன்ஷேப்பும் இதே வழியில்தான் திரையில் படம் வரைகிறது. உங்கள் வீட்டில் உள்ள சாதாரண லேப்டாப்பிலும் அந்தச் சிப் உண்டு, பிராசசருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு. அந்த வழி எங்கோ அடைபட்டுப்போனால் பிரௌசர் வேலையை நிறுத்துவதில்லை. கிராபிக்ஸ் சிப் செய்ய வேண்டியதைப் பிராசசரின் தலையில் சுமத்தி, மெதுவாக நகர்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. பார்ப்பவருக்கு லேப்டாப் பழசாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் தந்தை மேசைக் கணினிக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டார். மாட்டித் தந்தவர்கள் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் பழையபடி மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே செருகிவிட்டுப் போய்விட்டார்கள். ஏழு மாதம் அந்தக் கார்டு மின்விசிறியைச் சுழற்றிக்கொண்டு சும்மா இருந்தது. பையன் என் அறைக்கு வந்து, ‘எனக்கு இந்தத் துறை ஒத்துவராது போலிருக்கிறது’ என்றான். கேபிளை மாற்றிச் செருக ஒரு நிமிடம் ஆனது. அன்றிலிருந்து, கணினி மெதுவாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் முதலில் நான் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை.

மகளை உட்காரவைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். குரோமின் முகவரிப் பட்டையில், ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், பிறகு ஜிபியு. நடுவில் இடைவெளியும் புள்ளியும் வேண்டாம். நீளமான, அச்சமூட்டும் பக்கம் ஒன்று திறக்கும். மேலே உள்ள பட்டியல் மட்டும் போதும். வெப்ஜிஎல் என்ற வரிக்கு எதிரே ‘ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட்’ என்று பச்சையில் இருந்தால் வழி திறந்திருக்கிறது. ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்றிருந்தால் நோய் அங்கேதான். கீழே கிராபிக்ஸ் சிப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் இன்டெல், ஏஎம்டி, என்விடியா என ஏதாவது இருக்க வேண்டும். ‘ஸ்விஃப்ட்ஷேடர்’ அல்லது ‘மைக்ரோசாஃப்ட் பேசிக்’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் சிப்புக்கும் பிரௌசருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று பொருள்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்ற பொத்தானை யாரோ எப்போதோ அணைத்திருப்பார்கள். போட்டுவிட்டுப் பிரௌசரை மூடித் திறக்க வேண்டும். இல்லையென்றால், விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியபோது கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளை, நிறுவாமல் விட்டிருப்பார்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். கணினியை ஆராய்ந்து எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

பச்சை வரி ஏற்கெனவே இருந்து, வேகம் மட்டும் இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ராம், அதாவது ஓடும் வேலைகளைக் கணினி வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். நான் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணம் செலவாகும் இடம் இது. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்குத் தனி நினைவகம் கிடையாது. ராமிலிருந்துதான் பங்கு கேட்கும். உங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி என்கிறீர்கள். அதில் விண்டோஸ், பிரௌசர், கிராபிக்ஸ் மூன்றும் பந்தி உட்கார வேண்டும். போனில் எடுத்த படத்தின் அளவு 3 எம்பிதானே என்று மகள் சொல்வார். அது சுருக்கி வைத்த அளவு. 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படத்தைத் திரையில் காட்ட விரிக்கும்போது, புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிறது. அப்படி இருபது படம் ஒரே கோப்பில் ஒட்டினால் கிட்டத்தட்ட 1 ஜிபி. படங்களைத் தேவையான அளவுக்குச் சிறிதாக்கி ஒட்டப் பழகினாலே பாதிச் சிக்கல் தீரும். அதற்கு ஃபோட்டோபியா என்ற படத்திருத்த மென்பொருள் போதும். அதுவும் பிரௌசரிலேயே ஓடுகிறது, காசில்லை. ஒரு டேப் எடுத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு ஃபிக்மாவிலேயே வரம்பு உண்டு என்பதால், ராமை மட்டும் ஏற்றிக்கொண்டே போய்ப் பயனில்லை.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ராம் இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் உங்களுக்கு நல்ல காலம். இன்னொரு 8 ஜிபி துண்டை அதே வகையில் சேர்த்தால் அளவும் கூடும். இரண்டு துண்டுகளும் சேர்ந்து ஓடுவதால் கிராபிக்ஸ் சிப்புக்குத் தரவு போய்ச் சேரும் பாதையும் அகலமாகும். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ராமைப் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் எதுவும் செய்ய முடியாது. கடைக்குப் போகும்முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்களும் உண்டு. குரோமில் கல்லூரி வேலைக்கென்று எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்சிகள் எதுவும் இல்லாத தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் மெமரி சேவர் இயங்கினால் ஃபிக்மாவுக்கு விலக்கு கொடுக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப்பும் குரோமும் வேகத்தைக் குறைக்கக்கூடும். நேர்முகத் தேர்வில் படைப்புகளைக் காட்டும் நாளில் சார்ஜரை மறந்துவிட்டுப் போய்த் தடுமாறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தோழிகள் சொல்வதும் முழுக்கப் பொய்யல்ல. மகள் நாளை அனிமேஷன் பக்கம் போய் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் காட்சிகளை ரெண்டர் செய்ய, அதாவது இறுதிப் படமாக உருவாக்க, தொடங்கினால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியிருக்கும். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைக்குத் தேவைப்படும் ரெவிட் என்ற மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். மேக் வாங்கிக் கொடுத்துவிட்டு வருந்தக் கூடாது. உங்கள் மகள் எழுதியனுப்பிய பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டு வரை அப்படி எதுவும் இல்லை. அப்போது வாங்குவதானாலும் கார்டின் எண்ணுக்கு முன் திரையைப் பாருங்கள். விலை குறைந்த கேமிங் லேப்டாப்களில் பலவற்றின் திரை நிறத்தை வெளுப்பாகக் காட்டும். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவாக, விவரப் பட்டியலில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். நிறத்தை வைத்துப் பிழைக்கப் போகிற பிள்ளைக்கு அது ஆகாது. ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்று தேடுங்கள். 4கே திரையும் தேவையில்லை. முழு எச்டி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 4கேயில் 82 லட்சத்துக்கு மேல். அத்தனையையும் அதே சிப்தான் நிரப்ப வேண்டும். தனி கார்டு உள்ள லேப்டாப்பில், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸின் கிராபிக்ஸ் பகுதியில் குரோமைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று பிரௌசர் சிறிய சிப்பிலேயே ஓடக்கூடும். கொடுத்த காசு தூங்கும்.

இந்தச் சோதனைகளை நீங்கள் செய்ய வேண்டாம், மகளே செய்யட்டும். தான் வடிவமைத்த திரை ஏன் மெதுவாகிறது என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிந்த வடிவமைப்பாளர்கள் குறைவு. நிரல் எழுதுபவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யும்போது அந்த அறிவு கைகொடுக்கும்.

சனிக்கிழமை மாலைக்குள் அந்த ஜிபியு பக்கத்தின் மேல் பகுதியையும், டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் எவ்வளவு, திரும்பத் தருவார்களா என்பதையும் எழுதுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.